ஆறாம் வேற்றுமையும் அரசின் எல்லையும்

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் 39(ஆ) பிரிவு ஒரே தொடரால் ஆனது. சமுதாயத்தின் பொருள்வளங்களுடைய உடைமையும் கட்டுப்பாடும் பொது நன்மைக்கு மிகச் சிறந்த முறையில் உதவுமாறு பகிரப்பெறுவதை நோக்கி அரசு தன் கொள்கையைச் செலுத்துதல் வேண்டும் என்பது அத்தொடரின் கருத்து. இதில் வரும் ‘சமுதாயத்தின் பொருள்வளங்கள்’ என்னும் தொடருள் தனிமனிதர் ஒருவரின் வீடும் நிலமும் தொழிற்கூடமும் அடங்குமா, அடங்காவா என்னும் வினா 1977 முதல் 2024 வரை உச்சநீதிமன்றத்தில் தீராமல் நின்றது. 2024 நவம்பர் 5ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, சொத்துரிமையாளர் சங்கம் எதிர் மகாராஷ்டிர மாநிலம் என்னும் வழக்கில் இதற்கு விடை கூறியது. தலைமை நீதிபதி டி. ஒய். சந்திரசூட் எழுவர் சார்பில் எழுதினார். நீதிபதி பி. வி. நாகரத்னா பகுதியளவில் உடன்பட்டார். நீதிபதி சுதான்ஷு தூலியா மறுத்தார்.

தடையற்ற சந்தையும் தனிமனித உரிமையும் ஒருபுறம், சமதர்மமும் அரசின் தலையீடும் மறுபுறம் என இத்தீர்ப்பைப் படிப்பது இயல்பே. ஆயின் மூன்று தீர்ப்புரைகளும் தம் முடிவுகளை ஒரு சொற்றொடரின் பொருளிலிருந்தே வருவிப்பதாகக் கூறிக்கொள்கின்றன. அவ்வாறு கூறும்போது அவை மொழியியலாரின் ஆய்வுக்கும் உரியவாகின்றன. ஒரு வேற்றுமை உருபு எத்துணைப் பாரத்தைத் தாங்கும், எங்கே தாங்க இயலாது ஒடிகிறது என்பதை நோக்குவதே ஈண்டு மேற்கொள்ளப்பெறும் பணி.

பாரம் பெரியது. நான்காம் பகுதியின் நெறிமுறைக் கோட்பாடுகள் நீதிமன்றத்தால் செயற்படுத்தத்தக்கவை அல்ல என 37ஆம் பிரிவு கூறும். அந்நிலை நீடித்திருப்பின் 39(ஆ) ஒரு நல்விருப்ப வாசகமாக இருந்திருக்கும். 1971ஆம் ஆண்டின் இருபத்தைந்தாம் திருத்தச் சட்டம் புகுத்திய 31இ பிரிவு அந்நிலையை மாற்றியது. 39(ஆ), 39(இ) ஆகியவற்றை நிறைவேற்றும் சட்டம் சமத்துவ உரிமையைக் கூறும் 14ஆம் பிரிவுக்கோ, சுதந்திரங்களைக் கூறும் 19ஆம் பிரிவுக்கோ முரணாக இருக்கிறது என்னும் காரணத்தால் செல்லாததாகிவிடாது என்று அது காப்பளித்தது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கு இக்காப்பின் முற்பகுதியை ஏற்றது. பிற நெறிமுறைகளுக்கும் அதனை நீட்டிய 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தை 1980இல் மினர்வா ஆலை வழக்கு வீழ்த்தியது. ஆகவே ‘சமுதாயத்தின்’ என்னும் சொல் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவுக்குக் குடிமகனின் அடிப்படை உரிமை சுருங்கும். விரும்புதற்குரிய ஒரு கொள்கை வாசகம் இவ்வாறு உரிமைகளின் எல்லைக்கல்லாக மாறியது.

வழக்கின் பின்னணியும் கருதத்தக்கது. பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1947இல் இயற்றப்பெற்றது. 1940 செப்டம்பர் முதல் நாளில் நிலவிய வாடகையையே அது அளவுகோலாகக் கொண்டது. விலைகள் பன்மடங்கு உயர்ந்தன, வாடகை உறைந்து நின்றது. கட்டடத்தைப் பழுதுபார்ப்பதில் உரிமையாளருக்கு ஆதாயமில்லை. குடியிருப்போர் பலர் ‘பகடி’ எனப்படும் முன்பணம் கொடுத்து நுழைந்தவர்கள் ஆதலின் வெளியேறவும் மனமில்லை. கட்டடங்கள் இற்றன, சில இடிந்து உயிர்களைக் கொண்டன. 1969ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பழுதுபார்ப்பு வரி விதித்து அப்பணியை ஒரு வாரியத்திடம் ஒப்படைத்தது. 1976இல் மகாராஷ்டிர வீட்டுவசதி, பகுதி மேம்பாட்டுச் சட்டம் வந்தது. 1986இல் அதனுள் எட்டு-அ இயல் சேர்க்கப்பெற்றது. குடியிருப்போருள் 70 விழுக்காட்டினர் வேண்டினால் வரிக்குட்பட்ட பழங்கட்டடத்தை அரசு கையகப்படுத்தி அவர்தம் கூட்டுறவுச் சங்கத்திற்கு அளிக்கலாம். உரிமையாளர் பெறும் ஈடு மாத வாடகையின் நூறு மடங்கு. உறைந்த வாடகையின் நூறு மடங்கு என்பது மும்பையின் நில மதிப்போடு ஒப்பிட எத்தகைய தொகை என்பதைக் கணக்கிடத் தேவையில்லை. 39(ஆ) பிரிவை நிறைவேற்றுவதே தன் நோக்கம் என அச்சட்டமே தன்னைப் பற்றிக் கூறிக்கொண்டது. 31இ பிரிவின் காப்பைப் பெறுதற்கு அவ்வாறு கூறுதல் இன்றியமையாதது.

ஒரு தலையீடு விளைவித்த கேட்டை நீக்க மற்றொரு தலையீடு, அதன் விளைவை நீக்க மூன்றாவது என்பது சுதந்திரச் சந்தைக் கொள்கையினர் அடிக்கடி சுட்டும் சங்கிலி. அதற்குப் பம்பாயின் பழங்கட்டடங்களைவிடத் தெளிவான சான்று இந்தியாவில் அரிது. வாடகை உறைவு காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என உச்சநீதிமன்றமே 1997 டிசம்பரில் வேறொரு வழக்கில் கருதியது. எனினும் அக்கட்டடங்களில் வாழ்ந்தோர் அச்சங்கிலியை அமைத்தவர் அல்லர். கூரை தலைமேல் விழும் நிலையில் இருப்பவர்க்குப் பொருளியல் கொள்கையின் காரண காரிய விளக்கம் ஆறுதல் ஆகாது. இரு பக்கமும் இவ்வாறு உண்மையான இடர் இருந்தமையே இவ்வழக்கைக் கொள்கைப் பூசலாக மட்டும் கருதவொட்டாமல் தடுக்கிறது.

கிருஷ்ணய்யரின் வாசிப்பு

வினாவின் தோற்றுவாய் மும்பை அன்று, கர்நாடகம். தனியார் ஒப்பந்தப் பேருந்துகளைக் கர்நாடக அரசு கையகப்படுத்திய சட்டம் ரங்கநாத ரெட்டி வழக்கில் 1977இல் எழுவர் அமர்வின்முன் வந்தது. சட்டம் செல்லும் என்பதில் எழுவரும் ஒருமித்தனர். ஆயின் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தம்மோடு சேர்ந்த இருவர்க்குமாகத் தனியுரை எழுதினார். பொருளுலகில் மதிப்பும் பயனும் உடைய அனைத்தும் பொருள்வளம்; தனிமனிதன் சமுதாயத்தின் உறுப்பினன் ஆதலின் அவன் வளமும் சமுதாய வளத்தின் கூறே; தனியுடைமையை விலக்கின் அப்பிரிவே வெறுமையாகிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஏனைய நால்வர், நீதிபதி உன்ட்வாலியா வாயிலாக, இவ்விளக்கத்தோடு தாம் ஒத்துப்போவதாகக் கொள்ளக்கூடாது எனத் தெளிவாகவே குறித்தனர். அக்குறிப்பு பின்னர் மறக்கப்பட்டது. 1982இல் சஞ்சீவ் கோக் வழக்கில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி ஐவர் அமர்வுக்காக எழுதியபோது சிறுபான்மையுரையையே சட்டநிலையாகக் கொண்டார். சட்டத் துறையில் இது நெறிப்பிழை. மொழித் துறையில் நிகழும் ஒன்றை இது நினைவூட்டுகிறது: ஒரு சொல்லின் வலிமையான விளக்கம், அதனை முதலில் கூறியவருக்கு அதிகாரம் இருந்ததா என்பதைப் பொருட்படுத்தாமல் வழக்கில் நிலைபெற்றுவிடும்.

கிருஷ்ணய்யரின் ஆங்கிலம் அணிநலம் மிக்கது. மொழிபெயர்ப்பாளரை அலைக்கழிக்கும் இயல்பினது. ஆனால் ஈண்டு அவர் வாதம் அணியால் ஆனதன்று, இலக்கணத்தால் ஆனது. தனிமனிதன் சமுதாயத்தின் கூறு, வளம் தனிமனிதனுடையது, ஆதலின் வளம் சமுதாயத்தினுடையது. உடைமையுறவு ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தொடர்ந்து செல்லும் என்னும் எடுகோள் இதன் அடித்தளம். அது பொருந்துமா?

தமிழ் இலக்கண மரபு இவ்வினாவிற்கு எதிர்பாராத அளவு துணைசெய்கிறது. ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமை. அக்கிழமையைத் தொல்காப்பியம் தன்னொடு பட்டது, பிறிதொடு பட்டது என இருவகையாக நோக்குகிறது. உரையாசிரியர் இவற்றைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என வழங்குவர். பிரிக்கவியலாத உறவு தற்கிழமை: சாத்தனது கை. பிரிக்கத்தக்க உறவு பிறிதின்கிழமை: சாத்தனது வயல். நன்னூல் தற்கிழமையுள் பண்பு, உறுப்பு என்பனவற்றோடு ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம் என்பனவற்றையும் சேர்க்கும். பலவற்றின் தொகுதியாக ஒன்று நிற்கும்போது அத்தொகுதிக்கும் அதன் அங்கங்களுக்கும் உள்ள உறவு அது. பிறிதின்கிழமையோ பொருள், இடம், காலம் பற்றி வரும். கிழமை என்னும் சொல்லே உரிமை எனப் பொருள்படுவதும், நிலத்திற்கு உரியவன் கிழவன் என்றும் கிழான் என்றும் வழங்கப்பெற்றதும் ஈண்டு நினையத்தகும்.

இப்பாகுபாட்டைக் கொண்டு கிருஷ்ணய்யரின் சங்கிலியை நோக்கலாம். ‘ஊரின் உறுப்பினன் சாத்தன், சாத்தனது கை, ஆதலின் ஊரின் கை’ என எவரும் கூறார். சாத்தன் ஊரோடு கொண்ட உறவு பலவின் ஈட்டம். கை அவனோடு கொண்ட உறவு உறுப்புத் தற்கிழமை. இரண்டும் கலந்து தொடர்வதில்லை. ஆனால் ‘ஊரின் உறுப்பினன் சாத்தன்; சாத்தனது வயல்; ஆதலின் ஊரின் வயல்’ என்பது காதுக்கு உறுத்துவதில்லை. ‘இந்த ஊர் வயலெல்லாம் காய்ந்துவிட்டது’ என்கிறோம். கிருஷ்ணய்யரின் வாதம் ஏன் பலரை ஈர்த்தது என்பது இங்கே விளங்கும். அது மொழிவழக்கிற்கு முற்றிலும் புறம்பானதன்று. ஆயினும் ‘ஊர் வயல்’ என்று சொல்லும்போது ஊர் அவ்வயலை உடைமையாகக் கொண்டது எனச் சொல்பவர் கருதுவதில்லை. வயல் கிடக்கும் இடத்தையோ ஊரார் வயல்களின் மொத்தத்தையோ அவர் சுட்டுகிறார். ‘ஊர்க்குளம்’ என்பதோ வேறு. அது ஊரில் உள்ள குளம் மட்டுமன்று, ஊருக்கான குளம், ஊரார் அனைவருக்கும் உரிமையுள்ள குளம். உருபு தொக்க தொடர் இரண்டு முதல் ஏழு வரையும் பொருள் மயங்கும் என நன்னூலார் கூறியது இத்தகைய இடங்களுக்கும் பொருந்தும். ஊர் வயலையும் ஊர்க்குளத்தையும் ஒரே உருபு இணைக்கிறது என்பதால் இரண்டின்மேலும் ஊருக்கு ஒரே வகை உரிமை உண்டு எனக் கொள்ளல் ஆகாது. கிருஷ்ணய்யர் இடப்பொருளை முற்கோளாகக் கொண்டு உரிமைப்பொருளை முடிவாகப் பெற்றார். அவர் வாதத்தின் பிழை இதுவே.

ஒன்பதின்மர் தீர்ப்பு

பெரும்பான்மையுரை இம்முடிவை வேறு வழியாக அடைகிறது. தொடரில் இரு அடைகள் உள்ளன, ‘பொருள்’ என்பதும் ‘சமுதாயத்தின்’ என்பதும். எல்லாத் தனியுடைமையும் அடங்குமாயின் இவ்விரண்டும் பொருளற்றுப்போம். சட்டவாசகத்தில் எச்சொல்லும் வீணாக நிற்பதாகக் கொள்ளக்கூடாது என்பது அதன் நெறி. இந்நெறி செம்மையானது. மறுதலையான கோடிக்கும் பெரும்பான்மையினர் செல்லவில்லை என்பது பாராட்டத்தக்கது. தனியுடைமை எதுவுமே அடங்காது எனவும் அவர்கள் கூறவில்லை. அவ்வாறு கூறியிருப்பின் ‘உடைமை பகிரப்பெறுதல்’ என்பது அரசு தன் உடைமையைத் தானே பகிர்வது எனச் சுருங்கியிருக்கும்.

சில தனியுடைமைகள் அடங்கும், சில அடங்கா எனில் எவை அடங்கும் என்பதைக் காட்டவேண்டும். இங்கே தீர்ப்பு நான்கு கூறுகளை முன்வைக்கிறது: வளத்தின் இயல்பு, சமுதாய நலத்தின்மேல் அதன் தாக்கம், அதன் அருமை, அது தனியார் கையில் குவிவதன் விளைவு. இப்பட்டியல் முடிந்த பட்டியலன்று எனவும் கூறப்படுகிறது. இவை அறிவார்ந்த கூறுகள்தாம். காடும் ஆறும் கனிமமும் அலைக்கற்றையும் ஒருவரின் குடியிருப்பிலிருந்து வேறுபடுவதை இவை நன்கு காட்டும். ஆனால் இவை ‘சமுதாயத்தின்’ என்னும் சொல்லிலிருந்து பெறப்பட்டவை அல்ல. சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு என இலக்கணத்தால் நிறுவிவிட்டு, அவ்வெல்லை எங்கே என்பதைக் கொள்கையால் வரைகிறது தீர்ப்பு. வரைதல் தவறென்பதில்லை, வரைந்ததைச் சொற்பொருளின் விளைவாகக் காட்டுவதுதான் ஏற்கத்தகாதது. மும்பையின் வீட்டை எடுத்துக்கொள்வோம். அம்மாநகரில் நிலம் அருமையானது, குடியிருப்பு நலத்தைத் தாக்குவது, சிலர் கையில் குவியக்கூடியது. நான்கு கூறுகளையும் இரு தரப்பு வழக்கறிஞரும் தத்தம் பக்கம் இழுக்க இடமிருக்கிறது.

நீதிபதி நாகரத்னாவின் உரை இவ்விடத்தில் கூர்மையானது. போதிய கவனம் பெறாததும்கூட. உடுக்கும் உடை, அன்றாடம் புழங்கும் பொருள் போன்ற தன்னுடைமைப் பொருள்கள் நீங்கலாக, ஏனைய தனியார் வளங்கள் சமுதாய வளமாக மாற்றப்படலாம் என்கிறார் அவர். மாறும் வழிகளையும் கூறுகிறார்: நாட்டுடைமையாக்கம், கையகப்படுத்தல், சட்டத்தின் செயற்பாடு, விலைக்கு வாங்கல், உரிமையாளரே நன்கொடையாக அளித்தல். மாறலாம் என்பதே இங்கு முதன்மை. கிருஷ்ணய்யருக்குத் தனியார் வளம் ஏற்கெனவே சமுதாய வளம்; நாகரத்னாவுக்கு அது அவ்வாறு ஆக்கப்படவேண்டியது. பெயரடையாக நின்ற உறவு வினையாக மாறுகிறது. வினைக்கு வினைமுதல் வேண்டும், கருவி வேண்டும், காலம் வேண்டும். ஆகவே யார், எச்சட்டத்தால், எப்போது செய்தார் எனக் கேட்க வழி பிறக்கிறது. தனிமனித உரிமையின் காப்பு நான்கு கூறுகளில் இருப்பதைவிட இக்கேள்விகளில் மிகுதியாக இருக்கிறது எனலாம். அவர் விலக்கும் தன்னுடைமைப் பொருள்கள் மேலே கூறிய ‘சாத்தனது கை’க்கு அணுக்கமானவை என்பதும் கருதத்தக்கது. உடலோடும் நாள்வாழ்வோடும் ஒட்டியவற்றைப் பிறிதின்கிழமையாக எண்ண மனம் இசைவதில்லை.

நீதிபதி தூலியா எவ்வளம் எப்போது அடங்கும் என்பதைச் சட்டமன்றமே முடிவுசெய்யவேண்டும் என்றார். நீதிமன்றம் முன்கூட்டியே கூறுகளை வகுப்பது தேவையற்றது என்பது அவர் கருத்து. மக்களாட்சிக் கோட்பாட்டில் இதற்கு வலுவுண்டு. ஆனால் சட்டமன்றத்தின் கைக்கு எட்டாதவாறு சிலவற்றை வைப்பதற்கே அடிப்படை உரிமைகள் உள்ளன என்பதனால், 31இ பிரிவு உயிரோடிருக்கும்வரை இவ்விடை நிறைவளிக்காது. கிருஷ்ணய்யரைப் பற்றிப் பெரும்பான்மையுரை கையாண்ட கடுஞ்சொற்களை இவ்விருவருமே மறுத்துரைத்தமையும் குறிக்கத்தகும். ஒரு காலத்தின் நீதிபதிகளை மற்றொரு காலத்தின் கொள்கை அளவுகோலால் அளப்பதை அவர்கள் விரும்பவில்லை.

விடுபட்ட நான்காம் வேற்றுமை

இதுகாறும் ஆறாம் வேற்றுமையே பேசப்பட்டது. நீதிமன்றமும் அதிலேயே நின்றது. ஆனால் 39(ஆ) தொடரின் பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. பகிர்தல் என்னும் வினை பகிரும் பொருளையும் பெறுவோரையும் வேண்டி நிற்பது. எவர்க்குப் பகிர்தல் என்னும் நான்காம் வேற்றுமைப் பொருள் இத்தொடரில் இல்லை.

இது தொடக்கத்திலிருந்தே இல்லாத ஒன்றன்று. நெறிமுறைக் கோட்பாடுகளின் முன்மாதிரியாகிய 1937ஆம் ஆண்டு ஐரிஷ் அரசியலமைப்பின் 45ஆம் பிரிவில் ஏறத்தாழ இதே தொடர் உள்ளது. அங்கே சமுதாயத்தின் பொருள்வளங்களது உடைமையும் கட்டுப்பாடும் தனிமனிதர்களுக்கும் பல்வேறு வகுப்பினருக்கும் இடையே பகிரப்படவேண்டும் எனப் பெறுவோர் கூறப்பட்டுள்ளனர். இந்திய வரைவில் அப்பகுதி நீங்கியது. எஞ்சியவை பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் அப்படியே நின்றன. சில சொற்களின் நீக்கம் தொடரின் திசையையே மாற்றியது. ஐரிஷ் வாசகம் உடைமையைப் பலர் கையில் பரப்ப விரும்புகிறது. அது தனியுடைமையை ஒழிக்கும் வாசகமன்று, பெருக்கும் வாசகம். சமதர்மத்தைப் பகைத்த கத்தோலிக்கச் சமூகச் சிந்தனையின் சாயல் அதில் உண்டு. பெறுவோர் நீங்கிய இந்திய வாசகத்தில் அந்த வெற்றிடத்தை அரசே நிரப்பிக்கொள்ள இயன்றது. நாட்டுடைமையாக்கமும் பகிர்வே என்னும் விளக்கம் இவ்வெற்றிடத்தில் முளைத்தது. 2024ஆம் ஆண்டுப் பெரும்பான்மையுரையும் பகிர்வு என்னும் சொல்லின் விரிந்த பொருளை ஏற்று, வளம் அரசிடம் சேர்வதும் அதனுள் அடங்கும் என்றே கூறியது. ‘சமுதாயத்தின்’ என்பதை அவ்வளவு நுணுகி ஆராய்ந்த தீர்ப்பு ‘பகிர்தல்’ என்பதை எளிதாக விட்டுவிட்டது. பலரிடம் உள்ளதை ஒருவரிடம் சேர்ப்பதைத் தமிழில் எவரும் பகிர்தல் என்னார், குவித்தல் என்பர். அவ்வாறு குவித்ததைப் பின்னர்ப் பலர்க்கு அளித்தால் மட்டுமே அது பகிர்வின் முதற்படியாகும். இந்த ஒரு நிபந்தனையைத் தீர்ப்பு வலியுறுத்தியிருப்பின், மும்பைச் சட்டம் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கட்டடத்தை அளிக்கும் வகையில் பகிர்வுப் பண்பு உடையது என்பதும், பேருந்துகளை அரசுக் கழகம் தானே ஓட்டுவது வேறு தன்மையது என்பதும் விளங்கியிருக்கும்.

குவிதல் என்பது 39(இ) பிரிவின் சொல். செல்வமும் உற்பத்திக் கருவிகளும் பொதுக் கேட்டிற்கு ஏதுவாகக் குவிதல் கூடாது என்கிறது அது. எவரிடம் குவிதல் என்பது அங்கும் கூறப்படவில்லை. தனியாரிடம் என்றே பெரும்பாலும் கொள்ளப்பட்டது. 1959இல் ராஜாஜி முதலியோர் தோற்றுவித்த சுதந்திராக் கட்சி இதனை மறுத்துப் படித்தது: அரசிடம் குவிதலும் குவிதலே. அக்கட்சியினர் பரப்பிய பெர்மிட்–லைசென்ஸ்–கோட்டா ராஜ் என்னும் தொடரில் மூன்று ஆங்கிலச் சொற்களும் இந்துஸ்தானித் தலைச்சொல் ஒன்றும் உள்ளன. அந்நிய ஆட்சியைச் சுட்டிய ‘ராஜ்’ என்னும் சொல்லின் முன்னடையை மட்டும் மாற்றி, ஆட்சி மாறினாலும் ஆளும் முறை மாறவில்லை எனக் குத்திக்காட்டிய படைப்பு அது. அவர்தம் குற்றச்சாட்டிற்கு அரசின் ஆவணமே பின்னர்ச் சான்றளித்தது. 1951ஆம் ஆண்டுத் தொழில்கள் சட்டத்தின்கீழ் வளர்ந்த உரிம முறையை ஆராய்ந்த சுபிமல் தத் குழு, பெருந்தொழிற் குடும்பங்களே அம்முறையால் மிகுதியும் பயனடைந்தன என 1969இல் அறிக்கை அளித்தது. குவிதலைத் தடுக்க வந்த கருவி குவிதலுக்குத் துணைபோயிற்று.

இவ்வரலாறு சந்தைக் கொள்கையினர் பக்கம் வலுச்சேர்க்கிறது. ஆனால் மறுபக்கத்தின் வலிமையான குரல் கிருஷ்ணய்யருடையதன்று, அம்பேத்கருடையது. ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்னும் 1947ஆம் ஆண்டு நூலில் அவர் அடிப்படைத் தொழில்களும் வேளாண்மையும் அரசின் வசம் இருக்கவேண்டும், அதனை அரசியலமைப்பிலேயே எழுதிவிடவேண்டும் என்றார். அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுதலை என்பது யாருடைய விடுதலை என அவர் கேட்டார். நிலக்கிழார் குத்தகையை உயர்த்தவும், முதலாளி வேலைநேரத்தைக் கூட்டிக் கூலியைக் குறைக்கவும் பெறும் விடுதலையாகவே அது பெரும்பான்மையோர்க்கு முடியும் என்பது அவர் விடை. விடுதலை என்னும் சொல்லின் நான்காம் வேற்றுமையை நிரப்பச் சொன்னவர் அவர். அரசின் அதிகாரத்தை மட்டும் கண்டு தனியார் அதிகாரத்தைக் காணாத தாராளவாதம் இக்கேள்விக்கு இன்னும் கடன்பட்டே இருக்கிறது.

அதே அம்பேத்கர் 1948 நவம்பர் 15இல், ‘சோஷலிச’ என்னும் சொல்லை முதற்பிரிவிலேயே சேர்க்கவேண்டும் எனக் கே. டி. ஷா கொணர்ந்த திருத்தத்தை எதிர்த்தார். சமுதாயத்தின் பொருளாதார அமைப்பை அவ்வக்கால மக்களே முடிவுசெய்யவேண்டும், அதனை முன்கூட்டி விதிப்பது மக்களாட்சியை அழிப்பதாகும் என்றார். ஒரு வாரங்கழித்து, கனிமமும் காடும் நீர்நிலையும் நாட்டின் கூட்டுடைமை என வெளிப்படையாக எழுதவேண்டும் என ஷா 39(ஆ)வின் வரைவு வாசகத்திற்குத் திருத்தம் கொணர்ந்தபோது, வரைவின் சொற்கள் அதனைவிட விரிந்தவை, ஷா கூறுவதும் அவற்றுள் அடங்கும் என மறுமொழி கூறினார். விரிந்த சொல்லை அவர் தெரிந்தே வைத்தார் என்பது இதனால் பெறப்படும். எல்லாப் பொருளும் கொள்க என்று அவர் கூறவில்லை, எதிர்வரும் மக்களுக்கு இடம்விடுக என்றார்.

பெரும்பான்மையுரை அம்பேத்கரின் இந்நிலைப்பாட்டையே தன் அடித்தளமாகக் கொள்கிறது: அரசியலமைப்பு எந்த ஒரு பொருளியல் கோட்பாட்டையும் கட்டாயமாக்கவில்லை. ஆதலின் கிருஷ்ணய்யர் தம் கோட்பாட்டைச் சொற்களுள் புகுத்தியது தவறு. இது நேர்மையான வாதம். ஆனால் அதே உரை 1991க்குப் பின் நாடு சந்தைப் பொருளாதாரத்தை நோக்கி நகர்ந்தமையையும் தன் முடிவிற்குத் துணையாகக் காட்டும்போது தன் வாதத்தைத் தானே தளர்த்துகிறது. 1970களின் கொள்கை சொற்பொருளை விரிக்கக்கூடாது எனில், 1991இன் கொள்கை அதனைச் சுருக்கவும் கூடாது. தொழிற்கொள்கை 1956இல் ஒருவாறும் 1991 ஜூலையில் வேறொருவாறும் அமைந்ததற்கு அரசியலமைப்பு இரண்டுக்குமே இடமளித்தது காரணம். நாளை ஒரு தேர்தலில் மக்கள் மீண்டும் பொதுத்துறையை விரும்பினால் 39(ஆ) அவர்களுக்குத் தடையாக நிற்கக்கூடாது. அவ்வாறு விரும்பியவர்கள் சாத்தனின் வயலை ஊர்க்குளம் என்று பெயரிட்டு எடுத்துக்கொள்ளவும் கூடாது.

இத்தீர்ப்பு வந்த இருபது நாளில், 2024 நவம்பர் 25இல், முகப்புரையில் 1976இல் சேர்க்கப்பெற்ற ‘சோஷலிச’ என்னும் சொல்லை நீக்கக் கோரிய மனுக்களை உச்சநீதிமன்றம் தள்ளியது. இந்தியச் சூழலில் அச்சொல் நலவாழ்வு அரசையே குறிக்கும், தனியார் முயற்சிக்குத் தடையன்று என அமர்வு விளக்கியது. சுரண்டலிலிருந்து விடுபட்ட நிலை என 1978இல் அச்சொல்லுக்கு வரையறை அளிக்க முயன்ற திருத்தம் மாநிலங்களவையில் ஏற்கப்படாது போயிற்று என்பதை ஈண்டு நினைவிற்கொள்ளலாம். வரையறை பெறாத சொல் எப்பொருளையும் தாங்கும். தமிழில் இதன் விளைவு புலப்படையாகவே உள்ளது. ‘பொதுவுடைமை’ எனின் உடைமை பற்றியது. ‘சமதர்மம்’ எனின் நெறி பற்றியது. ‘சமநலம்’ எனின் பயன் பற்றியது. 2024இன் விளக்கம் மூன்றாவதற்கே பொருந்தும், ஆயினும் மேடைத் தமிழில் இரண்டாவதே பெருவழக்கு.

39(ஆ) தொடரைத் தமிழாக்குவோர் இனி எதிர்கொள்ளும் சிக்கலும் இதனை ஒத்ததே. இந்தி வாசகம் ‘சமுதாய் கே’ என ஆறாம் வேற்றுமையாலேயே பெயர்த்து ஆங்கிலத்தின் மயக்கத்தைக் காத்துக்கொண்டது. ஆயின் ‘பௌதிக்’ என்னும் அடையால், இன்றியமையாமை என்னும் ஆங்கிலச் சொல்லின் மற்றொரு பொருளை இழந்தது. தமிழில் ‘சமுதாயத்திலுள்ள பொருள்வளங்கள்’ என்று பெயர்த்தால் கிருஷ்ணய்யர் வெல்வார். ‘சமுதாயத்திற்கு உரிய’ எனின் சொத்துரிமையாளர் வெல்வர். ‘சமுதாயத்திற்கு இன்றியமையாத’ எனின் 2024இன் நான்கு கூறுகளுக்கு அணுக்கமாகும், ஆனால் அது மொழிபெயர்ப்பாகாது, தீர்ப்பாகிவிடும். ‘சமுதாயத்தின்’ என வெற்றுருபாக விடுவதே சட்டத் தமிழுக்குத் தக்கது.